ஜோமர்த் பார்த்த இரண்டு புறங்கைகள்

ஜோமர்த் என்ற பெயருக்குக் கொடையாளி என்று பொருள். பெயர் வைத்த அப்பனைக் குறை சொல்வதற்கில்லை. தொட்டிலில் கிடக்கும்போது எல்லாரும் கொடையாளிகள்தான். வளர்ந்தபின், தலைநகரான பிஷ்கெக்கில் விற்ற பொருளைத் திரும்ப வாங்காத மகானுபாவன் யார் என்று கேட்டால், கைபேசி வைத்திருந்த எவரும் யோசிக்காமல் அவன் பெயரைச் சொன்னார்கள். தொர்தோய் சந்தை ஜோமர்த்திடம் வாங்கினால் அழுதுகொண்டேதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பார்கள். சொல்லிவிட்டு, அன்றைக்கு என்ன தள்ளுபடி என்று அவனுடைய நேரலையைத் திறந்து பார்ப்பார்கள்.

தொர்தோயில் கடை என்றால் கப்பலில் சரக்கு ஏற்றி வரும் இரும்புப் பெட்டிதான். கீழ்ப்பெட்டியில் வியாபாரம், அதன் தலைமேல் ஏற்றிய பெட்டியில் சரக்கு. கடலையே பார்க்காத நாட்டுக்குள் இத்தனை கப்பல் பெட்டிகள் எந்த வழியாக நீந்தி வந்தன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அப்பா விட்டுப்போன இரண்டு பெட்டிகளில் ஜோமர்த் முதலில் காலுறை விற்றான். அந்த நாட்களில் அவன் நல்லவன். "வாங்கக்கா, தொட்டுப் பாருங்கக்கா, வாங்காட்டியும் பரவாயில்லக்கா" என்பான். அக்காமார்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று போய்விடுவார்கள்.

பிறகு எல்லாரையும் போல அவனும் கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து விற்கத் தொடங்கினான். வட்ட விளக்கு ஒன்று, காலடியில் மின்சார அடுப்பு ஒன்று. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் சித்தி வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் வாங்க வரவில்லை, இவன் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வந்தவர்கள்.

அவன் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு பல்வலி. கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில் தலாஸ் பக்கத்துப் பெண்மணி ஒருத்தி நேரலைக்குள் வந்து, அனுப்பிய பூட்ஸ் இரண்டுமே இடது கால் பூட்ஸ் என்று முறையிட்டாள். வழக்கமாக இருந்தால் நூறு தடவை மன்னிப்புக் கேட்டிருப்பான். அன்றைக்குப் பல் கேட்கவிடவில்லை.

"இதுவரைக்கும் யாருமே உங்க வலது காலைப் பத்திப் புகார் சொல்லலியாக்கா? எனக்கென்னமோ அதுதான் ஆரம்பத்துலேருந்தே தப்பான காலுன்னு தோணுது" என்றான்.

அவள் கத்தினாள். இவனும் கத்தினான். அவள் புருஷன் வந்து கத்தினான். பார்ப்பவர்களின் எண்ணிக்கை, அடுப்பில் வைத்த பால் போலப் பொங்கி மேலே வந்தது. சாயங்காலத்துக்குள் மேல்பெட்டி காலி. மிச்சமிருந்த இடது கால் பூட்ஸ்கூடப் போய்விட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு பெரிய உண்மையைக் கண்டுகொண்டான்: திருப்தியடைந்தவன் யாரிடமும் சொல்வதில்லை, வயிறு எரிந்தவன் ஊரையே கூட்டிவந்து கடையைக் காட்டுகிறான்.

அதன்பின் தினமும் பிற்பகலில் 'புகார் நேரம்' என்று ஒன்று வைத்தான். வீடியோவில் வந்தவர்களின் முகத்தை, பேச்சை, பின்னால் தெரிந்த திரைச்சீலையை, எதையும் கிண்டல் செய்யாமல் விடவில்லை. ஓஷ் நகரத்து ஆசிரியை ஒருத்தி அழுதாள். அந்த வாரம் கம்பளிச் சட்டைகள் பறந்தன. அவனைப் பற்றி மோசமாக எழுதியவர்களைத் தனியாகக் கைபேசியில் அழைத்து, வீடு எங்கேயென்று தெரியும் என்பான். பத்திரிகைகள் காறித் துப்பின. அபராதம் விழுந்தது. ரசீதைச் சட்டம் போட்டுத் தலைக்குப் பின்னால் மாட்டினான். ஒரே ஒரு மாதம், மனைவி சொன்னாளென்று மரியாதையாக நடந்துகொண்டு பார்த்தான். விற்பனை படுத்துவிட்டது. ஒரு கல்லூரியில் அவனை அழைத்து, இளம் தொழில்முனைவோருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவனுக்குத் தெரிந்த நாலு வார்த்தையும் மேடையில் சொல்லக்கூடியவை அல்ல என்பதால், கடின உழைப்பு என்று சொல்லிவிட்டு வந்தான்.

மனைவி புருல் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். கணவனின் நேரலையை அவள் பார்ப்பதில்லை. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் முகம் கழுவச் சொல்வாள். இரண்டு தடவை அவளுக்குக் கரு தங்காமல் போயிருந்தது. இப்போது எட்டாம் மாதம். மேல்பெட்டியில் குழந்தைச் சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தும், பிறக்குமுன் துணி எடுத்து வைத்தால் ஆகாது என்று ஒரு தொப்பிகூட அவன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஊரையே ஏய்த்தவன், இந்த ஒரு விஷயத்தில் மூச்சுவிடக்கூடப் பயந்தான். பேரம் பேச முடியாத இடம் அது ஒன்றுதான்.

தை மாதக் குளிரில் அந்த அழைப்பு வந்தது.

கொச்கோர் என்ற மலையூரிலிருந்து ஒரு கிழவர். தலையில் வெள்ளைத் தொப்பி, இருட்டான அறை, மங்கிய படம். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. ஜோமர்த்துக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. "அத்தா, பல்செட்டைப் போட்டுக்கிட்டுப் பேசுங்க, காத்துதான் வருது" என்றான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்புப் பொம்மைகளை அள்ளிக் கொட்டினார்கள். "ரெண்டு கையும் இருக்குல்ல, சைகையில சொல்லுங்க."

கிழவர் இரண்டு கைகளையும் தூக்கினார். உள்ளங்கை அவர் பக்கம். புறங்கை இவன் பக்கம்.

ஜோமர்த்தின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நாட்டில் ஆசி கொடுக்கும் பெரியவர் உள்ளங்கையை விரித்து ஏந்தி, இரண்டு வார்த்தை சொல்லி, முகத்தைத் தடவிக்கொள்வார். எந்தச் சாப்பாடும் எந்தப் பயணமும் அது இல்லாமல் முடியாது, தொடங்காது. அதையே புறங்கையால் செய்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டு. 'புறங்கை ஆசி' என்று தணிந்த குரலில்தான் சொல்வார்கள். ஒரு பெரியவர் வயிறெரிந்து அதைக் கொடுத்துவிட்டால், அது வாங்கியவனோடு நிற்காது, வம்சத்தைத் தேடிப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் படித்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கிழவரின் புறங்கைகள் கறுத்திருந்தன. உதடுகள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தன. அப்புறம் அந்தக் கறுத்த புறங்கைகளை முகத்தின்மேல் வைத்து, மேலிருந்து கீழாக ஒருமுறை இழுத்தார். படம் அறுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருவர் கமெண்டில், "கொடுத்துட்டார்" என்று மட்டும் எழுதினார். அதன்பின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. சண்டையைப் பார்த்து ஜனங்கள் வெளியேறுவதை ஜோமர்த் முதல்முறையாகப் பார்த்தான். தீப்பிடித்த வீட்டிலிருந்து போவது போல, சத்தமில்லாமல், முந்திக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் எதிர்க்கடை வெந்நீர்க் குடுவைக்காரி, ஒரு வருஷமாகத் திருப்பித் தராத சார்ஜரைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள். பிறகு தன் கடையைச் சுற்றி தீட்டுக் கழிக்கும் அர்ச்சா தழைப் புகை போட்டாள். பார்சல்களை நரீன் பக்கம் கொண்டுபோகும் மினிபஸ் ஓட்டுநர் சோவியத்பெக் மூட்டையைத் தொடவே இல்லை. பெயரில் ஒரு பழைய தேசத்தையே சுமக்கிற மனிதர், எதற்கும் அசராதவர்.

"என்ன சோவியத் அண்ணே, நீங்க கூடவா?"

"கணவாயில பனி கிடக்குது தம்பி. பிரேக் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உன் மூட்டை மேல இல்ல."

"வெறும் கையுறைண்ணே."

"அதைத்தான் சொல்றேன்."

வீட்டுக்குத் திரும்பினான். புருல் கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது. மருந்துக் கடைக்கு வருகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா.

"நேத்து சாயங்காலத்துலேருந்து அசையல" என்றாள்.

அவளை அப்படியே காரில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துத் தேடிய அந்தச் சிறிது நேரத்தில், தான் இதுவரை விற்ற ஒவ்வொரு பொருளையும் அவன் மனத்துக்குள் திருப்பி வாங்கினான். இடது கால் பூட்ஸ், ஒரு கை நீண்ட சட்டை, நடக்காத கடிகாரம், எல்லாம். துடிப்பு கேட்டது. இருந்தாலும் அனுப்ப மாட்டேன், இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்தபோது அவனை ஓரமாக அழைத்தார். மருத்துவ விஷயம்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தான்.

"கொச்கோர் பெரியவர் கொடுத்தது உங்களுக்குத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். "போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. சும்மா சொல்றேன்."

மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது. ஒரு ஆடு, பெரியவர் தோளில் போர்த்த ஒரு நல்ல மேலங்கி. ஆட்டுக்குப் பிரச்சினை இல்லை. மேலங்கிக்காக மேல்பெட்டியில் ஏறினான். இருந்த மேலங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். எல்லாத் தையலும் கையோடு வந்தன. கடைசியில் இறங்கி, தான் தினமும் நேரலையில் கிழித்துத் தொங்கவிடும் போட்டிக்கடைக்குப் போய், சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கினான். சாயம் போகுமா என்று கேட்டான். போகாது என்றார்கள். சத்தியமாகவா என்று கேட்டான். அவன் வாடிக்கையாளர்கள் அவனிடம் கேட்ட அதே குரல்தான்.

கொச்கோர் போகும் வழியில், போம் என்ற பள்ளத்தாக்கில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. பின்னால் ஆடு இருமியது. அவன் ஒவ்வொரு வளைவிலும் புருலுக்கு அழைத்தான். அவள் எடுத்தால், ஏன் எடுத்தாள், ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்தான். எடுக்காவிட்டால் அதைவிடப் பயந்தான். மூன்றாவது வளைவுக்குப் பிறகு அவள், ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கொச்கோரில் வழி கேட்டதும், யாரைத் தேடி வந்திருக்கிறான் என்று புரிந்து, கேட்கப்பட்டவர் இரண்டடி பின்னால் போய் நின்று கை நீட்டினார். கிழவரின் பெயர் அஷிர்பாய், பள்ளிக்கூடத்தில் கொதிகலன் எரித்து ஓய்வுபெற்றவர், தனியாள். கதவைத் திறந்தவர் இவன் முகத்தைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"வந்துட்டியா தம்பி. அட, நேர்லயே வந்துட்டே. எந்த சைஸ் கொண்டாந்தே?"

ஜோமர்த் மண்டியிட்டுவிட்டான். கையில் ஆட்டின் கயிறு, மேலங்கி மடியில். "அத்தா, திருப்பி எடுத்துக்குங்க அத்தா" என்றான்.

"நான் எப்படிப்பா திருப்பி எடுக்கறது? அதை அடுப்புல போட்டுட்டேனே. நீலமா எரிஞ்சுது."

"எது அத்தா?"

"கையுறைதான். வேற எதை நீ எனக்குக் கொடுத்தே?"

உள்ளே அழைத்து உட்காரவைத்து, தேநீர் ஊற்றி, ரொட்டியைப் பிட்டு முன்னால் வைத்தார். ஜோமர்த் தொடவில்லை. அவன் சொல்வதையெல்லாம் கிழவர் காதில் கையை வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் வாய் திறந்துகொண்டே போனது. பிறகு இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். நல்ல வெளிச்சத்தில் அவை கறுப்பாக இல்லை. கருநீலம். மயிர்க்காலிலும் நகக்கண்ணிலும் நீலம் ஏறியிருந்தது.

"கறுப்புன்னு வித்தே, உள்ள நீலம் இருந்துச்சு. உள்ளங்கையில ஏறினது ஆட்டுக்குத் தண்ணி மொண்டு மொண்டு போயிடுச்சு. இதுதான் போகல. வாயால சொன்னேன், நீ பல்செட்டைப் போடுன்னே. கையால சொல்லுன்னே, காட்டினேன். கையை வேற எப்படிக் காட்டறது? மூக்கும் கண்ணும் ஒழுகிச்சு, துடைச்சேன். புறங்கையாலதான் துடைப்பேன், ஆட்டைத் தொட்ட உள்ளங்கையாலயா துடைக்கறது?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் முடித்தார். சாபமே இல்லை. கைபேசியை எடுத்தான். இதை இப்போதே நேரலையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நாடே பார்க்கட்டும் என்றான்.

கிழவர் கையமர்த்தினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சத்தம் போடாதே. எனக்கும் இப்பத்தான் விஷயம் புரியுது. நேத்து ராத்திரிலேருந்து ஊரே என்னை வேற மாதிரிப் பார்க்குது தம்பி. என் வாய்க்காலைத் திருப்பிக்கிட்டுப் போனவன் காலையில வந்து, வெயில் வந்ததும் தானே வெட்டிவிடறேங்கறான். மாஸ்கோவுல இருக்கற மகன் ஒரு வருஷமாப் பேசல. இன்னிக்கு ரெண்டு தடவை பேசிட்டான், நல்லா இருக்கீங்களான்னு கேக்கறான். என்னைப் பார்த்து இதுவரைக்கும் எந்த நாயும் பயந்ததில்ல. நீ பயத்தை வித்துத்தானே பெட்டி பெட்டியா ரொப்பினே? இந்த ஒரு குளிர்காலத்துக்கு எனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்."

வியாபாரமாகப் பார்த்தால் கிழவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஜோமர்த்தே அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பான். அதனாலேயே அவன் பேரம் பேசவில்லை. தரையைப் பார்த்தபடி புருலைப் பற்றிச் சொன்னான். முன்பு இரண்டு தடவை ஆனதை, எட்டாம் மாதத்தை, நேற்று சாயங்காலத்திலிருந்து அசையாததை.

கிழவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இதை முதல்ல சொல்றதுக்கென்ன? ஆட்டைப் பத்தி இவ்வளவு நேரம் பேசறே" என்றார். "பொண்ணைக் கூப்பிடு. அந்தக் கைபேசியில முகம் தெரியற மாதிரிக் கூப்பிடு. ஊருக்குச் சொல்ல மாட்டேன். அவளுக்குச் சொல்றேன்."

கைபேசியில் புருல் வந்தாள். வெளுத்த முகம், ஆஸ்பத்திரித் தலையணை. கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உள்ளங்கைகளை விரித்து ஏந்தினார். நீலம் போன, காப்புக் காய்த்த, வெளுத்த உள்ளங்கைகள்.

"உன் வாசல்ல சின்னக் கால் நடக்கட்டும் மகளே. உன் வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டா, அது பசிக்கு அழுவற குழந்தையோடதா மட்டும் இருக்கட்டும். வாழ்க்கை நீளமா இருக்கட்டும், உன் புருஷன் நாக்கு கட்டையா இருக்கட்டும்."

கைகளை முகத்துக்குக் கொண்டுபோனார். தடவினார். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது.

ஜோமர்த் திரையைப் பார்த்தான். உள்ளங்கையால் முகத்தைத் தடவுகிறவரின் எதிரே இருப்பவருக்குத் தெரிவது புறங்கைதான் என்பதை முப்பத்தைந்து வயதில் அவன் முதல்முறையாகக் கவனித்தான். முகத்தை மூடிய இரண்டு நீலப் புறங்கைகள். அவளுடைய திரையிலும் இப்போது இதுதான் நின்றுகொண்டிருக்கும். ஆசி வார்த்தை அவளை எட்டியதோ இல்லையோ, கை எட்டிவிட்டது. அவன் கைபேசியைக் குலுக்கினான், தூக்கிப் பிடித்தான், முற்றத்துக்கு ஓடினான், ஆட்டுக் கொட்டிலின் மேல் ஏறினான். பனியில் வழுக்கி விழுந்து, விழுந்தபடியே அழைத்தான். போகவில்லை. மறுபடியும் அழைத்தான்.

எடுத்தாள்.

"புருல், அது வேற ஒண்ணுமில்ல, அவர் முகத்தைத் தடவினார், உள்ளங்கையாலதான் தடவினார், நீ பார்த்தது…"

"கையெல்லாம் நீலமா இருந்துச்சே, பாவம். சாயம்தானே அது?" என்றாள் புருல். "நீ வித்ததா?"

நாடே பார்த்த கைகளில் சாயத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்லாதே, தோல் உரிஞ்சிடும். நான் ஒரு களிம்பு சொல்றேன், வாங்கிக் கொடுத்துட்டு வா." அப்புறம்தான் சொன்னாள். "உதைக்குது. நீ போனதுக்கப்புறம் டாக்டரம்மா சர்க்கரை நிறையப் போட்டு டீ கொடுத்தாங்க. அதுலேருந்து உதைக்குது."

டீயா, ஆசியா, எது முந்தியது என்று அவன் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். துணிச்சல் வரவில்லை. கொச்கோரில் இருந்த ஒரே மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக் கொடுத்தான். ஆட்டைக் கிழவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலங்கியை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தபின் போர்த்திக்கொண்டார்.

பயம் தீர்ந்து திரும்பியிருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் நடுவில் அது வேறு கதவு வழியாக வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. கிழவர் கொடுக்கவில்லை, சரி. தலாஸ்காரி? அழுத ஆசிரியை? பேசி முடிக்குமுன் இவனே அறுத்துவிட்ட அத்தனை பேரும், திரை இருண்டபின், தங்கள் வீட்டில், தங்கள் திரைச்சீலைக்கு முன்னால், கையை எந்தப் பக்கமாகத் திருப்பினார்கள்? அவன் ஒருவரையும் பார்த்ததில்லை. பார்ப்பதற்குள் அடுத்த ஆளுக்குப் போயிருந்தான்.

அந்த வாரத்திலிருந்து புகார் நேரத்தில் வருகிறவர்களிடம், முதலில் கையைக் காட்டுங்கள் என்று கேட்கத் தொடங்கினான். உள்ளங்கையைப் பார்த்தபின்தான் மூச்சு வரும். பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் அக்கா, பொருளையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்பான். நேரலை முன்பு போல இல்லை, உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டு, வாயாடி ஒருத்தி புதிதாக வந்திருந்த வேறொரு பெட்டிக்கு நகர்ந்தார்கள்.

புருலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முழு மாதம், நல்ல எடை, கட்டடம் அதிரும் குரல். நர்ஸ் துணியை விலக்கிக் குழந்தையைத் திருப்பிக் காட்டியபோது, இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலத் திட்டு. ஜோமர்த் குனிந்து பார்த்தான்.

"என்னங்க இப்படி வேர்க்குது உங்களுக்கு? நம்ம பிள்ளைங்க எல்லாத்துக்கும் இருக்கறதுதானே" என்றாள் நர்ஸ். "உங்களுக்கும் இருந்திருக்கும், உங்கம்மாவைக் கேளுங்க. நடக்கறதுக்குள்ள தானா மறைஞ்சிடும்."

தெரியும் என்று தலையாட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த நீலத்தின்மேல் மெல்லத் தேய்த்து, விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

கட்டிலிலிருந்து புருல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தான்.